கலர் மாறி வருகிறதா? டிஜிட்டல் பிரிண்டரில் டோன் பிழைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

போன மாதம் அடித்த கல்யாணப் பத்திரிகையையும் இன்று அடித்ததையும் பார்ட்டி மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நம் முகத்தைப் பார்ப்பார். அதே ஃபைல், அதே 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, அதே மெஷின். மணப்பெண்ணின் அரக்குப் புடவை மட்டும் ஒன்றில் அரக்கு, இன்னொன்றில் கிட்டத்தட்டக் கருப்பு. அந்த நேரத்தில் ஆபரேட்டரின் கை தானாக, கலரின் கனத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்சிட்டி மெனுவுக்குப் போகும். மெஜந்தாவில் இரண்டு குறை, கருப்பில் ஒன்று குறை. அந்த வேலை தப்பித்துவிடும், அடுத்த வேலை மாட்டிக்கொள்ளும். ஆறு மாதம் இப்படியே போனால் மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது.

மைக்குப் பதில் தூளை உருக்கிப் பதிக்கும் டோனர் மெஷினில் டோன், அதாவது ஒவ்வொரு கலரும் எவ்வளவு கனமாக விழுகிறது என்பது, மூன்று இடங்களில் முடிவாகிறது. அடியில் இருப்பது மெஷினின் சொந்த நிலை: டிரம் (லேசர் படத்தை வரையும் உருளை), டெவலப்பர் (டோனரும் அதைச் சுமக்கும் கேரியர் துகளும் சேர்ந்த கலவை), லேசர், பெல்ட், ஃபியூசர் (டோனரைச் சூட்டில் உருக்கிப் பதிக்கும் பகுதி), பேப்பர், அறையின் ஈரம். அதற்கு மேல் காலிபரேஷன் வளைவு. 50% கேட்டால் உண்மையில் எவ்வளவு டோனர் போட வேண்டும் என்று ரிப்புக்கு (ஃபைலை மெஷின் அடிக்கும் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) சொல்லும் கணக்கு அது. அதற்கும் மேலே ஐசிசி புரொஃபைலும் (இந்த மெஷினில், இந்தப் பேப்பரில் எந்த நிறம் எப்படி வரும் என்ற விவரக் கோப்பு) ஃபைலும். அடியில் இருக்கும் கோளாறை மேலே திருத்தினால் திருத்தம் நிற்காது. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் கீழிருந்து மேலே போங்கள். டென்சிட்டி மெனுவைத் தொடுவது கடைசி வேலை. முன்பே யாராவது தொட்டிருந்தால் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் சோதனையையே ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் ஒரு சோதனை ஷீட்

பார்ட்டியின் ஃபைலை வைத்துப் பிழை தேடாதீர்கள். சொந்தமாக ஒரு 12×18 ஷீட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கலரிலும் 2, 3, 5, 10, 25, 50, 75, 90, 95, 100 சதவீதக் கட்டங்கள். சயான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 கலந்த ஒரு சாம்பல் பட்டை, அதை ஒட்டியே கருப்பு 50 மட்டும் வைத்த இன்னொரு பட்டை. நன்றாகத் தெரிந்த ஒரு முகம். அடுத்த பக்கங்களில் ஒவ்வொரு கலரிலும் ஷீட் முழுக்க 30% ஒரே டின்ட். இதில் புரொஃபைல் எதுவும் குறுக்கே வரக்கூடாது. கலர் மேனேஜ்மென்ட்டை நிறுத்திவிட்டு அடிக்க வேண்டும்.

இதோடு சர்வீஸ் மெனுவிலோ அட்ஜஸ்ட்மென்ட் மெனுவிலோ இருக்கும் மெஷினின் உள் டெஸ்ட் சார்ட்டையும் அடியுங்கள். அது ரிப் வழியாக வராது. கோளாறு உள் சார்ட்டிலும் தெரிந்தால் மெஷின் பக்கம். உள் சார்ட் சுத்தமாக இருந்து ரிப் வழியாக வருவதில் மட்டும் தெரிந்தால் வளைவோ புரொஃபைலோ ஃபைலோ. பாதி நேரம் இந்த இரண்டு ஷீட்டிலேயே வழக்கு முடிந்துவிடும்.

எல்லாமே வெளிறி, டல்லாக வருகிறது

முதலில் ஒரு கலரா, நான்குமா என்று பாருங்கள். ஒரு கலர் மட்டும் வெளிறினால் அந்த கலரின் டிரம், டெவலப்பர், லேசர் கண்ணாடி, டோனர் வரும் குழாய், இந்த நான்கில் ஒன்று. நான்கும் சேர்ந்து வெளிறினால் நான்குக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: டிரான்ஸ்ஃபர் பெல்ட், அதிலிருந்து பேப்பருக்கு மாற்றும் ரோலர், டென்சிட்டி சென்சார், பேப்பர் செட்டிங். டோனர் சிக்கனம் என்ற பொத்தானையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், எனக்கே ஒரு அரை நாள் அதில் போயிருக்கிறது.

பேப்பர் செட்டிங்தான் அதிகம் மாட்டும். 300 ஜிஎஸ்எம் போர்டைத் தட்டில் வைத்துவிட்டு மெனுவில் சாதாரணப் பேப்பர் என்றே விட்டிருப்பார்கள். மெஷின் அதற்கேற்ற மின்னழுத்தமும் சூடும்தான் கொடுக்கும். தடித்த போர்டுக்கு இரண்டும் போதாது. கட்டியாக அடித்த இடத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தூள் கையோடு வந்தால் டோனர் சரியாக உருகிப் பிடிக்கவில்லை. அங்கே காலிபரேஷனுக்கு வேலையே இல்லை.

சென்சார் பற்றி ஒரு வார்த்தை. மெஷின் அவ்வப்போது பெல்ட் மேல் சின்னச் சின்னக் கட்டங்களைப் போட்டு, ஒளி அடித்து, திரும்பி வருவதை வைத்துத் தன் டென்சிட்டியைத் தானே சரிசெய்துகொள்கிறது. அந்தச் சென்சாரின் கண்ணில் டோனர் தூசி படிந்தால் அது தப்பாகப் பார்க்கும், மெஷினும் தப்பாகவே திருத்தும். பஞ்சு இல்லாத உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, பெல்ட்டிலும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காலிபரேஷன் வளைவால் கட்டிக் கலரை, அதாவது 100% கலரை, ஏற்ற முடியாது. மெஷின் 100 சதவீதத்தில் எவ்வளவு போடுகிறதோ அதுதான் கூரை. இலக்கைவிட அதிகமாகப் போட்டால் வளைவு அதை இழுத்து இறக்கும், குறைவாகப் போட்டால் ஒன்றும் செய்ய முடியாது. டென்சிட்டி மடக்கைக் கணக்கு என்பதையும் மறக்கக்கூடாது. 1.0 என்றால் விழுந்த ஒளியில் 10% திரும்புகிறது, 1.3 என்றால் 5%, 1.5 என்றால் ஏறக்குறைய 3%. மீட்டரில் 1.5 இருந்த கருப்பு 1.3க்கு வந்திருந்தால் 'பரவாயில்லை, கொஞ்சம்தான்' என்று விட முடியாது. அதனால்தான் பல மெஷின்களில் உச்ச டென்சிட்டிச் சரிசெய்தல் தனி, இடைப்பட்ட டோன் படிகளைச் சரிசெய்யும் கிரேடேஷன் சரிசெய்தல் தனி. உச்சம் முதலில், கிரேடேஷன் அப்புறம். மாற்றிச் செய்தால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுக்கும்.

கட்டிக் கலர் சரி, ஆனால் நடு டோன் கனத்து நிழல் அடைக்கிறது

புடவை மடிப்பு காணாமல் போகும், தலைமுடி ஒரே கருப்புக் கட்டியாகும். சோதனை ஷீட்டில் 90க்கும் 100க்கும் வித்தியாசம் தெரியாது. இது புள்ளி பெருக்கம்: அச்சுப் புள்ளி கேட்ட அளவைவிடப் பெரிதாக விழுவது. ஓரளவு பெருக்கம் எல்லா அச்சிலும் உண்டு. நேற்றைய அளவில் இருக்கிறதா என்பதே கேள்வி.

கையில் டென்சிட்டோமீட்டர் (டென்சிட்டியை அளக்கும் கருவி) இருந்தால் இரண்டு நிமிட வேலை. பேப்பரின் மேல் பூஜ்யம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி 1.50, 50% கட்டம் 0.50 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1லிருந்து 10இன் அடுக்கு −0.50ஐக் கழித்தால் 0.684. அதே போல் கட்டிக்கு 0.968. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.706. நீங்கள் கேட்டது 50, பேப்பரில் விழுந்தது 71. அதே கட்டம் 0.42 காட்டியிருந்தால் 64 தான். மீட்டரில் 0.08 வித்தியாசம் முகத்தில் ஏழு புள்ளி வித்தியாசமாகிறது. மரே-டேவிஸ் கணக்கு என்று இதற்குப் பெயர். மீட்டரே போட்டுக்கொடுத்துவிடும் என்றாலும், ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு மெனுவில் தெரியும் எண் பேச ஆரம்பிக்கும்.

காரணம் பெரும்பாலும் ஸ்கிரீன், அதாவது டோனைப் புள்ளிகளாகப் பிரிக்கும் அமைப்பு. யாரோ போட்டோ வேலைக்காக ஸ்கிரீனை மாற்றியிருப்பார்கள். ஸ்கிரீன் நுணுக்கமாக ஆக ஆக புள்ளிகளின் விளிம்பு மொத்தமாகக் கூடும், பெருக்கமும் கூடும். ஒரு ஸ்கிரீனுக்குப் போட்ட காலிபரேஷன் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பேப்பரும் அப்படித்தான். ஆர்ட் போர்டுக்கு ஒன்று, மேப்லித்தோவுக்கு (பூச்சு இல்லாத பேப்பர்) ஒன்று, டெக்ஸ்சர் போர்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை எதில் ஓடுகிறதோ அந்த காலிபரேஷன்தான் தேர்வாகியிருக்கிறதா என்று ஜாப் பிராப்பர்ட்டீஸில் பாருங்கள். மெஷின் பழைய காலிபரேஷனை வைத்துக்கொண்டே நல்ல பிள்ளையாக ஓடும், நாமாகக் கேட்காத வரை ஒன்றும் சொல்லாது.

நிழல் மட்டும் அடைத்து நடு டோன் சரியாக இருந்தால், நான்கு கலரும் சேர்ந்து எவ்வளவு போகிறது என்று பாருங்கள். நான்கும் முழுதாக விழுந்தால் 400%. எந்த டோனர் மெஷினும் அதைச் சுகமாகத் தாங்காது. புரொஃபைலில் மொத்த வரம்பு 300 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது.

முகத்தில் வெள்ளைத் திட்டு, மெல்லிய டோன் தொலைகிறது

நெற்றி, கன்னம், வெள்ளை வேட்டியின் மடிப்பு. ஓர் இடம் வரை டோன் மெதுவாகக் குறைந்து வந்து, சட்டென்று வெறும் பேப்பராகிவிடும். 2, 3 சதவீதக் கட்டங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். டோனர் துகள் ஒன்று சுமார் 5 முதல் 8 மைக்ரான். அவ்வளவு சின்னப் புள்ளியில் சில துகள்களே இருக்கும், அவை நிற்பதும் போவதும் மின்னேற்றத்தின் தயவு. உள் சார்ட்டிலும் இல்லையென்றால் டெவலப்பரின் ஆயுள் பாருங்கள். உள் சார்ட்டில் இருந்து ரிப்பில் மட்டும் தொலைந்தால் வளைவு அடியில் வெட்டுகிறது. காலிபரேஷனை ஆரம்ப நிலைக்குத் திருப்பி ஒருமுறை அடித்தால் தெரிந்துவிடும்.

காலையில் ஒரு கலர், மதியம் ஒரு கலர்

இதற்குத்தான் எனக்கு அதிகமாகப் போன் வரும், அதிலும் ஐப்பசி மழை தொடங்கியதும். டோனர் கேரியரோடு உரசித்தான் மின்னேற்றம் பெறுகிறது, சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துண்டு ஒட்டுமே, அதே சங்கதி. காற்றில் ஈரம் ஏறினால் ஏற்றம் கசிந்துவிடும். ஏற்றம் குறைந்த துகள் கேரியரை எளிதில் விடும், அதனால் டோன் கனக்கும், வெள்ளை இடத்திலும் மெல்லிய புகை படியும். காற்று வறண்டால் நேர்மாறு, துகள் கேரியரை இறுகப் பிடித்துக்கொள்ளும், டோன் வெளிறும். மெஷின் இதைத் தானாகவே ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் ராத்திரி ஏசியை நிறுத்திவிட்டுக் காலை ஒன்பது மணிக்குப் போட்டு, ஒன்பதரைக்கு வேலையை ஆரம்பித்தால் அது எவ்வளவுதான் துரத்தும்?

என் அறையில் ஒரு கார்த்திகையில் இப்படித்தான் நடந்தது. 800 பத்திரிகை, இரண்டு நாளாக அடித்தோம். முதல் நாள் சாயங்காலம் அடித்ததையும் மறுநாள் காலை அடித்ததையும் கலந்து கட்டிவிட்டோம். பார்ட்டி வீட்டில் கவரில் போடும்போது மஞ்சள் ஓரம் இரண்டு தினுசாகத் தெரிந்திருக்கிறது. சர்வீஸுக்கு வந்தவர் டிரம்மை மாற்றச் சொன்னார், மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. பிறகு நானூறு ரூபாய்க்கு ஒரு ஈரமானி வாங்கி மெஷின் பக்கத்தில் மாட்டினேன். சாயங்காலம் 52%, காலையில் கடை திறக்கும்போது 78%. புது டிரம் பாவம், அது என்ன செய்யும். அன்றிலிருந்து மழைக்காலத்தில் ராத்திரியும் ஈரம் நீக்கும் பெட்டி ஓடுகிறது. ஈரம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் நின்றால் மெஷினோடு சண்டை பாதியாகக் குறைகிறது.

பேப்பரையும் மறக்க வேண்டாம். குடோனிலிருந்து வந்த ரீமை அப்படியே பிரித்துத் தட்டில் வைக்காதீர்கள். கட்டோடு ஒரு ராத்திரி மெஷின் அறையில் கிடக்கட்டும். ஈரம் ஏறிய போர்டில் மின்னழுத்தம் நிற்காமல் ஓடிவிடும், டோனர் திட்டுத்திட்டாக மாறும். 30% டின்ட் ஷீட்டில் இந்தத் திட்டு கண்ணில் அறையும்.

ஒரே வேலைக்குள்ளேயே, முதல் ஷீட்டுக்கும் ஐநூறாவது ஷீட்டுக்கும் மாறினால் காரணம் வேறு. வெறும் எழுத்து மட்டும் உள்ள வேலை ஆயிரக்கணக்கில் ஓடினால் கலர் டோனர் செலவாகாமல் உள்ளேயே கலக்கப்பட்டுக்கொண்டிருக்கும். ஏற்றம் கூடி, அடுத்த கலர் வேலையில் வெளிறும். மாறாக, கட்டிக் கலர் பின்னணியோடு நீளமாக ஓடினால் புது டோனர் கலந்து ஏற்றம் பெறுவதற்குள் வெளியே போய்விடும். எழுத்து வேலை முடிந்ததும் நான்கு கலரும் கனமாக உள்ள ஷீட் இருபது முப்பது ஓட்டிவிட்டுக் கலர் வேலையைத் தொடுங்கள்.

காலிபரேட் செய்யும் நேரமும் இதில் சேர்த்தி. காலையில் மெஷினைப் போட்ட உடனே அல்ல, அதே இருபது முப்பது ஷீட் ஓடி மெஷின் நிலைக்கு வந்த பிறகு. வேலையின் நடுவில் வேண்டவே வேண்டாம். செய்தால் முதல் பாதி ஒரு கலர், மறுபாதி ஒரு கலர் என்று நீங்களே உண்டாக்கியதாகும். காலக்கெடு முடிந்த காலிபரேஷனை ரிப் எச்சரிக்கும் வசதி பல இடங்களில் உண்டு. எச்சரிக்கட்டும், வேலையை முடித்துவிட்டுச் செய்யுங்கள்.

சாம்பல் சிவக்கிறது, பச்சையடிக்கிறது

சோதனை ஷீட்டின் இரண்டு சாம்பல் பட்டைகளையும் ஒட்டி வைத்தது இதற்காகத்தான். 50, 40, 40 கலந்த பட்டை கருப்புப் பட்டைக்குப் பக்கத்தில் ஏறக்குறைய நிறமில்லாமல் தெரிய வேண்டும். ஜி7 என்ற, சாம்பல் சமநிலையை வைத்து அச்சைச் சரிபார்க்கும் முறையிலும் பார்ப்பது இந்தக் கலவையை வைத்துத்தான். சிவந்தால் மெஜந்தாவும் மஞ்சளும் தூக்கல், அல்லது சயான் இறக்கம். கண் ஏமாற்றும், கட்டங்களின் எண்ணைப் பாருங்கள். தனித்தனிக் கலர்களின் 50% எண்கள் நேற்றைய எண்ணோடு ஒத்துப்போய், சாம்பல் மட்டும் மாறியிருந்தால் பேப்பரின் வெண்மை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நீல வெண்மை ஏற்றிய போர்டு இந்த விளையாட்டைக் காட்டும். கருவியில் எம்0, எம்1 என்ற அளவு நிலையையும் (எந்த வகை ஒளியில் அளக்கிறது என்பது) பாருங்கள். சார்ட்டை ஒன்றில் படித்து, சரிபார்ப்பதை இன்னொன்றில் படித்தால் வெண்மையேற்றிய பேப்பரில் எண்கள் ஒட்டாது.

டியூப் லைட் வெளிச்சத்தில் சிவப்பு, வாசலில் வெயிலில் சரி என்றால் மெஷினைத் தொடாதீர்கள். 5000 கெல்வின் விளக்கு ஒன்று மாட்டி, அதன் கீழ் பார்ட்டிக்குக் காட்டுங்கள்.

சாம்பல் நிற எழுத்திலும் கோட்டிலும் மட்டும் வேறு கலர் தெரிந்தால் ரிப்பில் சாம்பலுக்குக் கருப்பு மட்டும் என்ற அமைப்பைப் போடுங்கள், போதும்.

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, குறுக்கே பட்டை

இது காலிபரேஷனுக்கு அப்பாற்பட்டது. வளைவுக்கு இடம் வலம் தெரியாது. 30% ஷீட்டை அடித்து இரண்டாக வெட்டி, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒட்டி வையுங்கள். பேப்பர் போகும் திசையில் நீளக் கோடாக வெளிறினால் லேசர் கண்ணாடியில் தூசி, அல்லது சார்ஜ் கம்பியில் அழுக்கு. ஒரு பக்கம் முழுக்க மெதுவாக வெளிறினால் டெவலப்பர் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது, அல்லது டிரான்ஸ்ஃபர் ரோலர் அழுத்தம் சமமில்லை. இதற்கென்றே சமச்சீர் டென்சிட்டிச் சரிசெய்தல் வைத்திருக்கும் மெஷின்களும் உண்டு. துடைத்த பிறகு அதற்குப் போங்கள்.

குறுக்குப் பட்டையோ புள்ளியோ திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேலை எடுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தை 3.14ஆல் வகுத்தால் குற்றவாளி உருளையின் விட்டம். 94 மில்லிமீட்டர் என்றால் 30 மில்லிமீட்டர் உருளை, 188 என்றால் 60. உங்கள் மெஷினின் டிரம், டெவலப்பர் ரோலர், ஃபியூசர் விட்டங்களைக் கேட்டு ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

நான் மூன்று முறை காலிபரேட் செய்தும் சயான் தூக்கலாகவே வந்த ஒரு நாள் உண்டு. சார்ட்டில் சயான் கட்டங்கள் எல்லாம் ஷீட்டின் இடப்பக்கம் அமைந்திருந்தன. அந்த இடத்துக்கு மேலே லேசர் கண்ணாடியில் ஒரு தூசிக் கோடு. மீட்டர் சயான் குறைவு என்று படித்தது, வளைவு ஏற்றியது, சுத்தமான வலப்பக்கம் முழுக்க நீலமானது. கருவி பொய் சொல்லவில்லை, தூசி விழுந்த இடத்தை உள்ளது உள்ளபடி படித்திருக்கிறது. அதன் பிறகு 30% ஷீட் பார்க்காமல் நான் சார்ட் அடிப்பதில்லை.

காலிபரேட் செய்த பிறகு இன்னும் மோசம்

சார்ட்டைப் படித்த விதத்தைச் சந்தேகியுங்கள். வேறு பேப்பரில் அடித்த சார்ட்டா? சூடு ஆறுவதற்குள் படித்ததா? அடியில் மேசையின் கருப்புத் தெரிந்ததா? அதே பேப்பரில் நான்கைந்து வெற்று ஷீட்டை அடியில் வைத்துப் படிக்க வேண்டும். கருவியைச் சரிபார்க்க அதோடு வரும் வெள்ளை ஓட்டில் விரல் ரேகை இருக்கிறதா, அந்த ஓடு அந்தக் கருவியுடையதுதானா? ஒரே ஆபீஸில் இரண்டு கருவி இருந்தால் ஓடுகள் இடம் மாறிவிடும், எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்கேனர் கண்ணாடியில் சார்ட்டை வைத்துச் செய்யும் மெஷின்களில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சார்ட்டின் முதுகில் பத்து வெள்ளைத் தாள் வைத்து மூடியை மூடுங்கள். எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி பார்த்து வைக்கவும்.

படிப்படியாக மாற வேண்டிய நிறம் தட்டுத்தட்டாகத் தெரிந்தாலும் இங்கேதான் வாருங்கள். 8 பிட் என்றால் ஒரு கலருக்கு 256 படி. மெஷின் நிலை மோசமாக இருந்து வளைவு பலமாக வளைந்தால் பல படிகள் ஒன்றாக ஒட்டிப்போகும். வளைவின் படத்தைத் திறந்து பாருங்கள். செங்குத்தாகவோ படுக்கையாகவோ இருந்தால் அடித்தளத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி. வளைவு சாதுவாக இருந்தும் தட்டு தெரிந்தால் ஃபைலில் கொஞ்சம் நாய்ஸ் சேர்க்கச் சொல்லி டிசைனருக்கு அனுப்புங்கள்.

கண்ணன் ஊதாவாகிவிட்டார்

காலண்டர் வேலையில் வருஷா வருஷம் வரும் புகார். சோதனை ஷீட் சரி, சாம்பல் சரி, கண்ணன் மட்டும் ஊதா. மானிட்டரின் நீலத்தை நான்கு கலராகப் பிரிக்கும்போது சயானோடு மெஜந்தாவும் நெருங்கி வந்துவிடுகிறது. மெஷினில் மெஜந்தாவைக் குறைத்தால் கண்ணன் நீலமாவார், பக்கத்தில் ராதையின் முகம் பச்சையாகும். ஃபைலில் அந்த நீலத்தை மட்டும் எடுத்து, மெஜந்தா சயானைவிட 30 புள்ளியாவது குறைவாக இருக்கும்படி திருத்துங்கள்.

எல்லாப் படமுமே மங்கலாக, நிறம் செத்து வந்தால் இரட்டை மாற்றமா என்று பாருங்கள். டிசைனர் பிடிஎஃப் எடுக்கும்போதே ஒரு புரொஃபைலுக்கு மாற்றி, ரிப் மறுபடி மாற்றினால் இப்படி வரும். ஒரே ஒருவர்தான் மாற்ற வேண்டும்.

அடித்தபோது சரி, லேமினேஷனுக்குப் பிறகு மாறிவிட்டது

மேட் பிலிம் ஒட்டினால் கருப்பு சாம்பலாகி நிறம் அடங்கும். கிளாஸ் ஒட்டினால் நிறம் ஆழமாகி, கனத்த நிழல் இன்னும் கனக்கும். மெஷினில் செய்ய ஒன்றும் இல்லை. மாதிரியைப் பிலிம் ஒட்டித்தான் பார்ட்டியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த மாதிரியின் முதுகில் தேதி, ஈரம், கவுண்டர் எண், நான்கு கலரின் கட்டி எண்கள், காலிபரேஷன் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக் கவரில் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் அதே பார்ட்டி இன்னும் 50 பிரதி கேட்டு வரும்போது எடுக்க வேண்டியது அந்தக் கவரைத்தான்.